சேனாதிபதியின் பண்ணையில் ஒரு பகற்பொழுது

ஐசன்ஹோவர் என்னும் பெயரை நம் முதியோர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கி, 1944 ஜூன் 6ஆம் நாள் அவற்றை நோர்மண்டிக் கடற்கரையில் இறக்கிய சேனாதிபதி அவர். 1953 முதல் 1961 வரை எட்டாண்டு காலம் ஐக்கிய அமெரிக்காவின் 34ஆவது ஜனாதிபதியாகவும் விளங்கினார். இத்தகைய ஒருவர் தம் வாழ்நாளில் தமக்கென்று சொந்தமாக வாங்கிய வீடு ஒன்றேயொன்றுதான் என்பதும், அது மாடு கட்டும் பண்ணையோடு கூடிய ஒரு வீடு என்பதும் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். சென்ற ஆவணி மாதத்தில் குடும்பத்தோடு சென்று அப்பண்ணையைக் கண்டுவரும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

எம் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது மேரிலாந்து மாநிலத்துப் பிரெடெரிக் நகரில். அங்கே சில மாதம் தங்கிவர எண்ணி நாமும் எம் இல்லாளும் வந்தாறுமூலையிலிருந்து புறப்பட்டுப் போயிருந்தோம். பேத்தியைக் காண்பதோடு இன்னுமொரு காரியமும் இருந்தது. மட்டக்களப்பு நாட்டிலே நிலபுலம் பெரும்பாலும் பெண்வழியாக இறங்கும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். வந்தாறுமூலைக்கு மேற்கேயுள்ள வட்டையிலே ஆறு ஏக்கர் வயல், எம் மாமியாரிடமிருந்து எம் இல்லாளுக்கும், எம் இல்லாளிடமிருந்து மகளுக்கும் சீதனமாக வந்தது. அதனை வாங்குவதற்கு ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார். மகள் கையொப்பமிடவேண்டிய அற்றோணித் தத்துவப் பத்திரத்தை நாமே கொழும்பில் எழுதுவித்துக் கொண்டுபோயிருந்தோம். அது மகளின் வீட்டு மேசை லாச்சியிலே ஆறு கிழமையாகக் கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த வயலைச் செய்தவர் எம் இல்லாளின் தம்பியார். 1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டபோது, ஊரிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் அது. விவசாயம் படிக்கப் பிள்ளைகள் வந்த மண்டபங்களிலே ஊரவர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் நாள் அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. எம் மைத்துனரும் அவர்களுள் ஒருவர். அதன்பின் அந்த வயல் சில ஆண்டு புல்லாய்க் கிடந்தது. சில ஆண்டு எவரெவரோ செய்தார்கள். எம் இல்லாள் அதன் வரம்பை மிதித்ததில்லை. விற்கவேண்டும் என்று எவரேனும் சொன்னால் மறுப்பதுமில்லை, சம்மதிப்பதுமில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

மருமகன் நல்ல பிள்ளை. அவர் சொன்ன நியாயத்திலும் பிழை காண முடியாது. "மாமி, அங்க போய் வெள்ளாமை செய்யிறதுக்கு எங்கள்ல ஆரு இரிக்கிறம்? மண் சும்மா கிடந்து கெடுறதைவிட, செய்யிற ஒருத்தர்ட்ட போனாத்தானே நல்லம்?" என்பது அவர் வாதம். நாமும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தோம்.

அது நிற்க. பேத்திக்குப் பள்ளிக்கூடத்திலே கெற்றிஸ்பேர்க் போரைப் படிப்பித்திருக்கிறார்கள். பிரெடெரிக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அம்மம்மாவுக்கும் காட்டவேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐவரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

கெற்றிஸ்பேர்க் பென்சில்வேனியா மாநிலத்து எல்லையோரச் சிற்றூர். 1863ஆம் ஆண்டு ஜூலை முதல் மூன்று நாள்களிலும் அங்கே அமெரிக்கரும் அமெரிக்கரும் பொருதினர். இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் எல்லாரையும் கூட்டினால் இரு தரப்பிலும் ஏறத்தாழ 51,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஊரவருள் நேரே குண்டு பட்டு மாண்டவர் ஒருவரே: ஜெனி வேட் என்ற இருபது வயதுப் பெண். அடுக்களையிலே மாப் பிசைந்துகொண்டு நின்றவள்மீது கதவைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு பாய்ந்தது. இதைப் பேத்தி சொன்னபோது எம் இல்லாள், "அடுப்படியிலயா?" என்று ஒரு தரம் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

போர்வீரரின் இடுகாட்டுக்கும் போனோம். ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர் 19ஆம் நாள் இரண்டே நிமிடம் பேசி உலகப் புகழ் பெற்றது அங்கேதான். நீளப் பேசும் நம் மேடைப் பேச்சாளர்களை ஒருமுறை அங்கே கூட்டிச் செல்லலாம் என்று தோன்றிற்று. பெயர் தெரிந்தவர்களின் கற்களிலே பெயர் வெட்டியிருக்கிறது. பெயர் தெரியாதவர்களுக்குத் தரையோடு தரையாகச் சிறு சதுரக் கல். அதிலே ஓர் எண் மாத்திரம். அந்தச் சிறு கற்களின் வரிசையருகே எம் இல்லாள் நெடுநேரம் நின்றார். "நம்பர் எண்டாலும் போட்டிரிக்காங்க" என்றார். நாம் விடை சொல்லவில்லை, சொல்வதற்கு இருக்கவுமில்லை.

போர்க்களத்தின் மேற்கு விளிம்போடு ஒட்டியதுதான் ஐசன்ஹோவரின் பண்ணை. தெருவிலிருந்து திரும்பி உள்ளே போனால் இருபுறமும் வேலியிட்ட புல்வெளி, அதன் முடிவிலே பெரியதொரு களஞ்சியம், அப்பால் வீடு. மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வசதியான ஒரு குடியானவன் வீடு என்றே சொல்லலாம்.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தார் என்பதற்கு ஒரு கதையுண்டு. முதலாம் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918இல், இருபத்தேழு வயது இளைஞராக இருந்த ஐசன்ஹோவரைக் கெற்றிஸ்பேர்க்கில் ஒரு பாசறைக்குப் பொறுப்பாக விட்டார்கள். தாங்கிப் படையினரைப் பயிற்றுவதே வேலை. ஆனால் பயிற்றுவதற்குத் தாங்கி இல்லை! சில மாதம் கழித்தே ஒரு சிறு பிரெஞ்சுத் தாங்கி வந்து சேர்ந்ததாம். பாசறை அமைந்த நிலம், 1863இல் தெற்கத்தியப் படை பெருஞ் சேதத்தோடு பின்வாங்கிய அதே வெளி. இலையுதிர் காலத்தில் விஷக் காய்ச்சல் பரவி, போர்முனையைக் காணாமலே பல இளைஞர் அங்கே மாண்டனர். எனினும் ஐசன்ஹோவர் தம்பதிகளுக்கு அது இனிய காலமாகவே நினைவில் நின்றது. மனைவி மேமியும் கைக்குழந்தையும் அவரோடு அங்கே வாழ்ந்தனர். அந்த முதற்குழந்தை 1921ஆம் ஆண்டு ஜனவரியில், மூன்று வயதிலே, காய்ச்சல் கண்டு இறந்துவிட்டது. அதன்பின் உத்தியோகம் இழுத்த இழுப்புக்கெல்லாம் முப்பது தடவைக்கு மேல் வீடு மாறினார்கள். சொந்த வீடு ஒன்று வேண்டும் என்று மேமி கேட்டபோது, 1950இல் இங்கே வந்து 189 ஏக்கர் பண்ணையொன்றை வாங்கினார்கள். அப்போது அவருக்கு அறுபது வயது.

முப்பது வீடு மாறிய பெண்ணின் கதையை மகள் தமிழிலே சொல்லச் சொல்ல எம் இல்லாள் தலையாட்டிக் கேட்டார். மண்டபத்துப் பாய், உறவினர் வீட்டுத் திண்ணை, ஓலைக் கொட்டில், தகரக் கொட்டில் என்று அவரும் ஒரு கணக்கு வைத்திருப்பவர்தான்.

வீட்டைத் திருத்தத் தொடங்கிய கதை இன்னும் சுவையானது. வெளியே செங்கற் சுவராகத் தெரிந்ததற்கு உள்ளே, பழைய காலத்து மரக்குற்றி வீடொன்று ஒளிந்திருந்ததாம். மரமெல்லாம் உளுத்துப்போயிருந்தபடியால் இடிக்கவேண்டியதாயிற்று. ஆனால் மேமியம்மையார் விடவில்லை. உறுதியாயிருந்த பகுதியை அப்படியே நிறுத்தி, அதைச் சுற்றிப் புதுவீட்டைக் கட்டுவித்தார். பழைய வீட்டின் உத்தரங்களும் பலகைகளும் கணவரின் சிறு வாசிப்பறைக்குப் பயன்பட்டன. 1955இல் வேலை முடிந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதிக்கு மாரடைப்பு வந்தது. வைத்தியசாலையை விட்டபின் வந்து உடல் தேறிய இடம் இந்தப் பண்ணை; சில கிழமை நாட்டின் அலுவலெல்லாம் இந்தச் சிற்றூரிலிருந்தே நடந்தன.

வரவேற்பறை பரிசுப் பொருள்களால் நிறைந்திருக்கிறது. ஈரான் மன்னர் தந்த கம்பளம் ஒன்று. ஒருகாலத்தில் வெள்ளை மாளிகையிலே இருந்த வெண்சலவைக்கல் கணப்புமாடம் ஒன்று. பார்க்க அழகுதான், இருந்து பேச மனம் வராது. அவர்களும் அங்கே அதிகம் இருந்ததில்லையாம். வீட்டின் பின்புறத்தில் கண்ணாடி அடைத்த விறாந்தை ஒன்று உண்டு. வெயில் நிறைந்த அந்த இடத்திலேதான் அவர்கள் பொழுதெல்லாம் கழிந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே சிறு மேசையை இழுத்துப் போட்டு இராச் சாப்பாடு உண்பார்கள். சேனாதிபதி சித்திரமும் தீட்டுவார். பாதி உலகத்தை அசைத்தவர் ஒருவர் தட்டை மடியருகே வைத்துக்கொண்டு இருந்ததை எண்ணிப் பார்க்க எமக்குப் பிடித்திருந்தது. அம்மையாரின் குளியலறை முழுக்க இளஞ்சிவப்பு நிறம். அதைப்பற்றி எழுத வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டாள். பேத்தி எழுதச் சொன்னாள்.

இந்த வீட்டுக்கு வந்துபோனவர்களின் பெயரைக் கேட்டால் வியப்பாயிருக்கும். சேர்ச்சில் வந்தார், டிகோல் வந்தார், ஜேர்மனியின் அடினோவர் வந்தார். 1956 டிசம்பரில் நேரு வந்தார். சூயஸ் கால்வாயும் ஹங்கேரியும் கொந்தளித்த காலம் அது. வாஷிங்டனின் சந்தடியை விட்டு இங்கே வந்து இருவரும் நெடுநேரம் தனித்துப் பேசினார்கள். அதே 1956இல்தான் நம் நாட்டிலே ஒரு மொழிச் சட்டம் வந்ததும், கல்லோயாவிலே இரத்தம் சிந்தியதும். இருவர் அமைதியாக இருந்து பேச நமக்கும் ஒரு பண்ணை வாய்த்திருக்கலாம்.

1959 செப்டெம்பரில் ரஷ்யப் பிரதமர் குருஷ்சேவ் வந்தது இன்னும் வேடிக்கை. பேரப்பிள்ளைகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்து, நீங்களெல்லாம் ரஷ்யாவுக்கு வரவேண்டும் என்று அழைத்தாராம். ஆனால் அடுத்த ஆண்டு மே முதலாம் நாள் அமெரிக்க வேவு விமானம் ஒன்று ரஷ்யாவின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. பாட்டனாரின் ரஷ்யப் பயணம் நின்றது. பிள்ளைகளின் பயணமும் அதோடு போயிற்று.

எவர் வந்தாலும் ஐசன்ஹோவர் அவர்களை மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். எமக்கும் எம் இல்லாளுக்கும் வீட்டைவிட அதுவே உவப்பாயிருந்தது. அவர் வளர்த்தது ஆங்கஸ் என்னும் ஸ்கொத்லாந்து இனம். கன்னங்கரிய இறைச்சி மாடு. இன்றைக்கும் அப்புல்வெளியிலே கறுப்பு மாடுகள் மேய்கின்றன. எம் இல்லாளின் தகப்பனார் ஐம்பது அறுபது மாடு வைத்திருந்த பட்டிக்காரப் போடியார். ஆகவே வேலியோரம் நின்று அவர் மாடு பார்த்த பார்வையே வேறு.

"இதுகளுக்கு ஏன் கொம்பில்ல? அறுத்துப்போட்டாங்களா?" என்று கேட்டார். பிறப்பிலேயே கொம்பில்லாத இனம் என்று பேத்தி அங்கே நின்ற பூங்காக் காவலரிடம் கேட்டுச் சொன்னாள். "மறுகா, குறி எங்க?" என்றார். நம் பகுதியிலே மாட்டின் உடலிலே குடிக்குரிய குறி சுடுவார்கள். கூட்டத்திலே கலந்தாலும் இன்ன குடியாரின் மாடு என்று தெரிந்துவிடும். இங்கே காதிலே எண்ணிட்ட அட்டை தொங்கியது. "இங்கயும் நம்பர்தானா" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்தக் காவலர் அறிவுள்ள பெண்மணி. அகன்ற விளிம்புத் தொப்பியும் பச்சைக் காற்சட்டையுமாக நின்றவர், ஒரு முதியவள் மாட்டைப்பற்றிக் கேள்வி கேட்கிறாள் என்று கண்டதும் உற்சாகமாகிவிட்டார். பண்ணை வாங்கிய காலத்தில் அந்த மண் முறைகெட்ட உழவினால் களைத்துப்போயிருந்ததாம். அதற்கு மீண்டும் உயிரூட்டுவதே ஐசன்ஹோவரின் ஆசையாக இருந்தது. தாம் கண்டபோது இருந்ததைவிட நல்ல நிலையிலே ஒரு துண்டு நிலத்தை விட்டுப்போகவேண்டும் என்பதைப் பிற்காலத்திலே அவரே சொல்லியிருக்கிறார். பெரும்படைகளை நடத்தியவர், ஜனாதிபதியான முதலாண்டிலேயே, செய்யப்படும் துப்பாக்கி ஒவ்வொன்றும் பசித்தவனிடமிருந்து களவெடுத்தது என்று பேசியவர். 1961 ஜனவரியிலே பதவியை ஒப்படைத்த அன்றைக்கே மனைவியோடு காரேறி இந்தப் பண்ணைக்கு வந்துவிட்டார். சரித்திரத்தில் அவருக்குரிய இடத்தைப்பற்றி வல்லுநர்கள் தர்க்கிக்கட்டும். வேலியோரம் நின்ற எமக்கு, குண்டு பாய்ந்த வெளிக்குப் பக்கத்திலே புல் விதைக்க வந்த மனிதராகவே அவர் தெரிந்தார்.

1967இல் பண்ணையை அவர் நாட்டுக்கே எழுதிக் கொடுத்தார். 1969 மார்ச் 28ஆம் நாள் காலமானார். மேமியம்மையார் 1979இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

இவ்வளவையும் பேத்தி மொழிபெயர்த்து முடித்ததும் எம் இல்லாள் ஒரு கேள்வி கேட்டார். "ஆக்களெல்லாம் செத்துப் போயித்தாங்க. மறுகா இந்தப் புல்லை ஆரு வெட்டுற? காணியை ஆரு செய்யிற?"

அயலிலுள்ள விவசாயிகளுக்குக் குத்தகைக்கு விடுகிறோம் என்றார் காவலர். எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. மண்ணைக் கெடுக்க விடமாட்டோம் என்றும் சொன்னார்.

எம் இல்லாள் மகளின் பக்கம் திரும்பினார். "புள்ள, அந்தக் கடுதாசியில கையெழுத்து வைக்க வேணாம்" என்றார்.

மருமகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, களஞ்சியத்தின் நிழலிலே புளிச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, எம் இல்லாள் தாமாகவே பேசினார். முப்பதாண்டுக்கு மேலாக நாம் கேளாத பேச்சு. தம்பி அந்த வயலிலே வாடி கட்டியிருந்தது எந்த மூலையிலே, வாய்க்கால் எந்தப் பக்கத்தால் வெட்டினான், மேட்டுத் துண்டிலே என்ன நெல் விதைப்பான், சூடு மிதிக்கும் இரவிலே எப்படிப் பாடுவான் என்றெல்லாம் பேத்திக்குச் சொன்னார். "அவன் வந்தா எங்க வருவான்? வயலுக்குத்தானே வருவான் எண்டு நான் நினைச்சிரிந்த காலமும் இருந்திச்சு" என்றார். "இப்ப அப்பிடி நினைக்கல்ல. ஆனா அவன் வச்ச மண்ணு கெட்டுப்போய்க் கிடக்கு. அதை நல்லாக்கிப்போட்டு மறுகா விக்கிறதா வைக்கிறதா எண்டு இவள் பாக்கட்டும்." இவள் என்றது பேத்தியை. அவள் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

மருமகனும் பிடிவாதக்காரரல்லர். நாட்டின் ஜனாதிபதியே காணியைக் குத்தகைக்கு விடும்போது நாம் எம்மாத்திரம் என்று சிரித்துவிட்டார். ஜனாதிபதி விடவில்லை, அரசாங்கம் விடுகிறது என்று பேத்தி திருத்தினாள்.

அன்றிரவு பிரெடெரிக்கில் ஒன்பதரை மணி. ஊரிலே காலை ஏழு. பக்கத்து வயற்காரரின் மகனை எம் இல்லாளே தொலைபேசியில் அழைத்தார். விவசாயப் பீடத்திலே படித்துவிட்டுத் தகப்பனோடு வெள்ளாமை செய்யும் பையன் அவன். புரட்டாதி பிறப்பதற்கு முன் ஏக்கருக்கு இத்தனை மூடை என்று பேசி எழுதிக்கொள்ள அவனுக்குச் சம்மதம். எம் இல்லாள் மூன்று நிபந்தனை வைத்தார். வாடி நின்ற இடத்து மருதமரத்தை வெட்டக்கூடாது. உடைந்த வரம்பையெல்லாம் கட்டவேண்டும். விதைப்புக்கு முன் வயலிலே பட்டி அடைத்து எருப் பிடிக்கவேண்டும்.

முதலிரண்டுக்கும் அவன் உடனே ஒப்பினான். மூன்றாவதற்குச் சிரிப்புக் கேட்டது. "இப்ப பட்டி மாடு ஆருட்ட இரிக்கி, மாமி? எல்லாம் உரமும் மிசினும்தானே."

"தேடிப் பாரு, மனே" என்றார் எம் இல்லாள்.

இரண்டு நாளில் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அவன் தொலைபேசியை வைத்தான்.